சுயம்புலிங்கம், வயசு நாப்பத்தேழு

அந்தத் துண்ட எடுத்துராதிய அண்ணாச்சி. எடம் போட்டது இல்ல, அது நான் உக்காருததுக்கு. மடிச்சுப் போட்டாத்தான் எனக்கு உக்கார முடியும். நீங்க இந்தப் பக்கம் தாராளமா உக்காருங்க. ஜன்னல மட்டும் கேக்காதிய, ஆலங்குளம் வரைக்கும் எனக்கு ஜன்னல் வேணும்.

தென்காசிக்கா? நானும் தென்காசிக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். எறங்கப்போறது ஆலங்குளம். அது ஒரு முன்னெச்சரிக்கை, விடுங்க.

நீங்க என்னைய விட சின்னவராத்தான் இருப்பிய. இருந்தாலும் அண்ணாச்சின்னே கூப்பிடுதேன். சின்னவங்களத் தம்பின்னு கூப்பிடுத பழக்கத்த நான் விட்டு ரொம்ப வருசம் ஆச்சு.

தலையப் பாக்கியளா? மொட்டைதான். பழனி மொட்டைன்னு ஊரெல்லாம் சொல்லிருக்கேன். உங்ககிட்ட என்ன, ஆலங்குளத்துல எறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ. இது பழனில போட்டது இல்ல. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சலூன்ல போட்டது. அதுலதான் எல்லா எழவும் தொடங்குச்சு. இல்ல, அதுக்கு முன்னாலயே தொடங்கியாச்சு.

நான் பேசுத ஆளு இல்ல அண்ணாச்சி. கிரேன் ஓட்டுத ஆளு. பேரு ஆறுமுகநயினார், தூத்துக்குடி தொறமுகத்துல நயினாருன்னா தெரியும். கப்பல்ல இருந்து கண்டெய்னர் எறக்குத பெரிய கிரேன். நாப்பது மீட்டர் உசரத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு, தரையும் கண்ணாடி. ரெண்டு காலுக்கும் நடுவுல கப்பல் தெரியும். குனிஞ்சே உக்காந்திருக்கணும். கீழ நிக்கவன் மொகம் தெரியாது, ஹெல்மெட் நெறம்தான் தெரியும். நீலம்னா சூப்பர்வைசர். மஞ்சன்னா பெட்டியக் கட்டுத, அவுக்குத ஆளு. வாக்கிடாக்கில ‘எறக்கு’ம்பாவ, ‘தூக்கு’ம்பாவ. எட்டு மணி நேரத்துல வேற ஒரு வார்த்த கெடையாது. எனக்கு அது பிடிக்கும். சோத்துப் பொட்டலத்தையும் மேலயே கொண்டு போயிருவேன். கீழ வந்தா நாலு பேரு நாலு பேச்சு பேசுவான், நமக்கு எதுக்கு?

இருவத்திரெண்டு வருசம் குனிஞ்சு உக்காந்தா கெடுதல் எங்க வரும்? உக்காருத எடத்துலதான் வரும். கட்டி. சீழ் வச்சு, காய்ச்சல் வந்து, படியேற முடியல. சிரிக்காதிய. நீங்களும் சிரிக்கிய பாத்தியளா? இதுக்குத்தான் நான் யாருகிட்டயும் சொல்லல.

எங்க தொறமுகம் அப்படி அண்ணாச்சி. ஒருத்தனுக்கு ஒரு பேரு வச்சா, ரிட்டையர் ஆயி செத்துப் போனாலும் போஸ்டர்ல அந்தப் பேரு வரும். குருசாமின்னு ஒரு ஆப்பரேட்டர். அவனுக்கு மூலத்துல ஆப்பரேசன் ஆச்சு. நீலத் துணி தச்ச குஷன் ஒண்ணக் கக்கத்துல வச்சுக்கிட்டு கிரேன்ல ஏறுனான். அன்னைக்கே அவனுக்கு ‘குஷன் குருசாமி’ன்னு பேரு விழுந்துச்சு. இன்னைக்கு அவன் யூனியன் தலைவரு, கேன்டீன்ல டீ ஊத்துத பய வரைக்கும் குஷன் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதான். பேரு வச்சது யாருங்கிய? நான்தான். வாக்கிடாக்கில ஒரு வார்த்த கூட பேசாத ஆளு அன்னைக்கு ஒரு வார்த்த பேசுனேன், தொறமுகமே குலுங்கிச் சிரிச்சுது.

இப்ப எனக்கே வந்தா சொல்லுவனா? ஆறு நாளு லீவு கேட்டேன். காரணம், பழனி, நேர்ச்ச. தூத்துக்குடில பாத்தா ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தெரிஞ்சவன் நிப்பான். அதனால கோவில்பட்டி போனேன், ஒரு சின்ன ஆஸ்பத்திரி.

கவுண்டர்ல ஒரு புள்ள, தலைய நிமுத்தாமலே கேட்டா, “பேரு?”

“சுயம்புலிங்கம்”னுட்டேன்.

“வயசு?”

“நாப்பத்தேழு.”

எனக்கு அம்பத்திமூணு. சுயம்புவுக்குத்தான் நாப்பத்தேழு, இந்த ஆவணி வந்தா நாப்பத்தெட்டு. பேரு அவன் பேருன்னா வயசும் அவன் வயசாத்தான இருக்கணும்? பொய்யானாலும் பொருத்தமாச் சொல்லணும்லா. சுயம்பு யாருங்கியளா? எங்கூடப் பொறந்தவன். ஒத்தத் தம்பி. பதினோரு வருசமாப் பேச்சுவார்த்த கெடையாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. திடுதிப்புன்னு கேட்டா, வாயில வந்தது அந்தப் பேரு, அம்புட்டுதான்.

டாக்டர் பாத்துட்டு, இன்னைக்கே கீறி எடுக்கணும்னாரு. மயக்க மருந்து குடுக்கணும், கூட யாரு வந்திருக்கான்னு கேட்டாவ. யாருமில்லன்னேன். ஆள் இல்லாம மயக்கம் குடுக்க மாட்டோம், கையெழுத்துப் போட சொந்தக்காரங்க வேணும்னுட்டாவ.

என் பொண்டாட்டி பூரணம் போயி நாலு வருசம் ஆச்சு. புள்ள கெடையாது. போன்ல இருக்க பேரெல்லாம் பாக்கேன், கிரேன் மெக்கானிக்கு, கேஸ் சிலிண்டர் காரன், தண்ணி கேன் காரன். எவனக் கூப்பிட? வெளிய வந்தேன். டீக்கடைல ஒரு ஆளு வடை தின்னுட்டு நிக்கான். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலையாம், கையில தீக்குச்சி மருந்து மணம் அடிக்கி. “அண்ணாச்சி, ஒரு கையெழுத்துப் போடணும்”னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்தான். நான் நிக்க நெலைமையப் பாத்து என்ன நெனச்சானோ, வடையத் தின்னு முடிச்சுட்டு வந்தான்.

பாரத்துல உறவு முறைன்னு ஒரு கட்டம். என்ன எழுதன்னு கேட்டான். அண்ணன்னு எழுதுங்கன்னேன். சுயம்புலிங்கத்துக்கு அண்ணன்னு எழுதி, கோழி கிண்டுன மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டான்.

போட்டுட்டுப் போங்கன்னுதான் நான் சொன்னேன். போவல அண்ணாச்சி. நாலு மணி நேரம் உக்காந்திருக்கான், முன்ன பின்ன தெரியாத ஒரு மனுசன். நான் முழிச்சப்ப கால்மாட்டுல நின்னுட்டு இருந்தான். எனக்குன்னு பாலும் பன்னும் வாங்கி வச்சிருந்தான். பேரக் கூட நான் கேக்கல, பாருங்க.

அந்த மருந்து இருக்கே, கெட்டமின்னு பேரு. சாமானியமா வெளிய கெடைக்காதாம். பீரோல பூட்டி வச்சு, நோட்டுல கையெழுத்துப் போட்டுத்தான் எடுப்பாவளாம். ஏன்னா போதைக்கும் அத எடுக்கானுவளாம், கூறுகெட்ட பயலுவ. ஊசி போட்டதும் நான் மேல போயிட்டேன். மேல கூரைகிட்ட இருந்து பாக்கேன், கீழ நானே படுத்துக் கெடக்கேன். எனக்கு அது ஒண்ணும் புதுசாத் தெரியல. நான் எப்பவும் மேல இருந்துதான பாக்கேன்.

முழிச்சப்பொறவு நர்சு புள்ள சிரிக்கா. “என்னய்யா, உங்க பேர நீங்களே கூப்பிட்டுக்கிட்டுக் கெடந்திய? ஏல சுயம்பு, ஏல சுயம்புன்னு ஒரே அழுகை. நான் பாத்தேம்ல, நான் பாத்தேம்லன்னு இருவது தடவ சொல்லிருப்பிய. உங்க அண்ணனுக்கே கண்ணு கலங்கிட்டு”ன்னா. அண்ணன்னு அவ சொன்னது தீப்பெட்டி ஆபீஸ் ஆள.

பாத்தியளா என் சாமர்த்தியத்த? மயக்கத்துலயும் குடுத்த பேர விடல நான். வேற எவனா இருந்தாலும் அங்கன உளறி மாட்டிருப்பான். அழுகைங்கியளா? அது அந்த மருந்துக்கு கண்ணுல தண்ணி வருமாம், நர்சு புள்ளையே சொன்னா. எதப் பாத்தேனா? யாருக்குத் தெரியும். மயக்கத்துல எதையாவது கண்டிருப்பேன்.

மறுநாளு அனுப்பிட்டாவ. நேரா சலூன்ல போயி மொட்டை. தூத்துக்குடி வந்து கடைல பஞ்சாமிர்தம் நாலு டப்பா வாங்குனேன். லீவு முடிஞ்சு வேலைக்குப் போயி ஆளுக்கு ஒரு கரண்டி குடுத்தேன். குருசாமி கண்ண மூடி வாங்கி நெத்தில வச்சுத் தின்னான். எல்லாம் கச்சிதமா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அன்னைக்குன்னு பாத்து மூத்திர டெஸ்ட், எவனும் போதை எடுத்திருக்கானான்னு பாக்க. எங்க கம்பெனில அப்பப்ப நடக்கும். கம்ப்யூட்டரு பேரப் பொறுக்கும், அந்த ஆளு போயி டப்பால புடிச்சுக் குடுக்கணும். அதுக்கு முன்னால ஒரு பாரம், பதினாலு நாளுக்குள்ள மருந்து, ஊசி, ஆப்பரேசன் எதுவும் உண்டான்னு. இல்லன்னு டிக் அடிச்சேன். வெத்தல கூடப் போடாதவன் அண்ணாச்சி நான். எனக்கு என்ன பயம்? மொத ஆளாப் போயி நெறச்சுக் குடுத்தேன்.

அஞ்சாம் நாளு பெட்டி ஒண்ணு அந்தரத்துல தொங்குது, வாக்கிடாக்கில கொரலு, “நயினார் அண்ணாச்சி, அத எறக்கிட்டுக் கீழ வாங்க.” வந்தேன். கேட்டுக்குள்ள விடுத கார்ட வாங்கிக்கிட்டாவ. கெட்டமின் இருக்குன்னு ரிப்போர்ட்டு. சென்னைக்கு அனுப்பித் திரும்பப் பாத்தாவ, அதுலயும் அதே எழவு.

மொதல்லயே உள்ளதச் சொல்லிருக்கலாமேங்கிய. சொல்லிருக்கலாம். விசாரணை ரூம்ல ஆறு பேரு உக்காந்திருக்கான். யூனியன் சார்புல குருசாமி உக்காந்திருக்கான், நீலக் குஷன் மேல. அவன் முன்னால எப்படிச் சொல்ல? ஒரு வாரம் இல்லவே இல்லன்னு சாதிச்சேன். பஞ்சாமிர்தத்துல எவனாவது கலந்திருப்பான்னு கூடச் சொன்னேன். பொறவு வேலையே போயிரும்னு ஆனப்புறந்தான் கோவில்பட்டி பேப்பர எடுத்து நீட்டுனேன். ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூடத் தேவல.

எச்.ஆர். மேடம் சின்னப் புள்ள. எனக்கு மக இருந்தா அந்த வயசு இருக்கும். பேப்பரப் பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டுச் சொல்லுது, “ஐயா, இதுல சுயம்புலிங்கம்னு இருக்கு. நம்ம பழைய ரெக்கார்டுல ஒரு சுயம்புலிங்கம் இருக்காரு, உங்க தம்பி. வயசும் ஒத்து வருது. அவருக்கு நடந்த ஆப்பரேசன் பேப்பரத்தான் நீங்க கொண்டு வந்திருக்கீங்கன்னு நான் நெனைக்கலாம்ல?”

எப்படி இருக்கு பாத்தியளா? நான் கீறுன காயத்தக் காட்டுதேன்னேன். வேண்டாம்யான்னுட்டுது. காயம் யாருக்கும் இருக்கலாம், அன்னைக்கு அந்த மருந்து உங்களுக்குத்தான் குடுத்தாங்கன்னு யாரு சொல்லுவான்னுது. கோவில்பட்டிக்கு ஓடுனேன். டாக்டர் என் மொகத்த உத்து உத்துப் பாத்துட்டு, “நான் பாத்தது அந்தப் பக்கம், மொகம் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”ங்காரு. நர்சு புள்ள வேற வேலைக்குப் போயிட்டாளாம். தீப்பெட்டி ஆபீஸ் ஆளத் தேடுனேன். கோவில்பட்டில தீப்பெட்டி ஆபீஸ் ஒண்ணா ரெண்டா? பேரு தெரியாத ஒருத்தன வாசல் வாசலா எப்படிக் கேக்க?

வீட்ல கெடக்கேன் அண்ணாச்சி. முப்பத்தெட்டு நாளாச்சு. தொறமுகத்துச் சங்கு ஊதுனா கை தானா லீவரத் தேடுது. காப்படி அரிசி வடிச்சா மூணு வேளைக்கு இருக்கு. ஒரு பய எட்டிப் பாக்கல. இப்ப எனக்கு ‘ஊசி நயினாரு’ன்னு பேராம். குருசாமி மட்டும் ஒரு நாளு வந்தான், கையில அந்த நீலக் குஷனு. “வச்சுக்கிடும்வே, எனக்கு வேற வாங்கிக்கிடுதேன்”ங்கான். நக்கலப் பாத்தியளா, வீடு தேடி வந்து நக்கலு! படார்னு கதவச் சாத்திட்டேன். ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டுப் போனான்.

கேக்கேன், மிசினுக்கு என்ன தெரியும்? வைத்தியத்துக்குப் போட்டதுக்கும் போதைக்குப் போட்டதுக்கும் மிசினுக்கு வித்தியாசம் தெரியுமா? மனுசன் சொல்லுதான், நான் தொட்டது இல்லன்னு. மனுசன் சொல்லுதத நம்ப மாட்டானுவ, மிசின் சொல்லுதத நம்புவானுவ. இருவத்திரெண்டு வருசம் ஒரு பெட்டிய நான் கீழ போட்டது இல்ல. அதுக்கு ஒரு மரியாத வேண்டாமா?

கடைசில அந்தப் புள்ள ஒரு வழி சொல்லுச்சு. “திங்கக்கெழம பதினோரு மணிக்கு உங்க தம்பியக் கூட்டிட்டு வாங்க. எனக்கு ஆப்பரேசன் எதுவும் நடக்கல, அண்ணன்தான் என் பேரக் குடுத்துருக்காருன்னு அவரு சொல்லி எழுதிக் குடுக்கட்டும். நான் உங்கள நம்புதேன். அவரு வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது ஐயா, வேலை போயிரும், லைசன்சும் போயிரும்.”

இன்னைக்கு சனிக்கெழம. அதான் ஆலங்குளம்.

ஏன் பேச்சு இல்லன்னு கேக்கிய. கேப்பியன்னு தெரியும். எல்லாரும் கேப்பாவ. சொல்லுதேன், ஆலங்குளம் வர இன்னும் நேரம் இருக்கு.

சுயம்புவும் தொறமுகத்துலதான் இருந்தான். மஞ்ச ஹெல்மெட்டு. நான்தான் சேத்துவிட்டேன். நான் மேல, அவன் கீழ. அம்பது மஞ்ச ஹெல்மெட் நின்னாலும் அவன எனக்குத் தெரியும், நடக்கையில எடது தோளு கொஞ்சம் எறங்கும். பெட்டிய எறக்கும்போது அவன் நிக்க பக்கம் கொஞ்சம் மெதுவாத்தான் எறக்குவேன், அது அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு எளப்பு உண்டு, சின்னதுல இருந்தே. மழைக்காலம் வந்தா இழுக்கும். என் வீட்டுக்கு வந்துதான் டூட்டிக்குப் போவான். பூரணம் அவனுக்கு அரிஷ்டம் வாங்கி வச்சிருந்தா, வைத்தியரு குடுத்தது. ஒரு நாளு காலம்பற அதக் குடிச்சுட்டுப் போயிருக்கான். கேட்ல ஊதுத மிசின வச்சுப் பாத்தா சாராயம் காட்டுது. அரிஷ்டத்துல அது உண்டாம், அது எவனுக்குத் தெரியும்? புடிச்சு உக்கார வச்சுட்டாவ. அவன் சொல்லிருக்கான், “மதினி ஊத்திக் குடுத்தது, அண்ணன் பக்கத்துலதான் இருந்தாவ, கேட்டுப் பாருங்க”ன்னு.

என்னைய மேல இருந்து எறக்கிக் கேட்டாவ. “உங்க தம்பி அரிஷ்டம் குடிச்சத நீங்க பாத்தியளா?”

நான் பாக்கலன்னேன்.

அதுல என்ன தப்பு? நான் இட்லி தின்னுட்டு இருந்தேன். தலையக் குனிஞ்சு திங்கவன் எதப் பாப்பான்? பூரணம் பாட்டில் மூடியில அளந்து ஊத்துனா, ரெண்டு மூடி. அவன் மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சான். மொகத்த ஒரு கோணல் கோணிட்டு, “மதினி, ஒரு துண்டு கருப்பட்டி தாங்க”ன்னான். அவ சிரிச்சுக்கிட்டே அடுக்களைக்குள்ள போனா. ஆனா அதையெல்லாம் வச்சுப் பாத்தேன்னு ஆபீஸ்ல சொல்லிர முடியுமா? அப்ப புது கிரேன் வந்த நேரம். ஓட்டுததுக்கு ரெண்டே பேரத்தான் எடுக்காவ. தம்பிக்கு ஏந்துக்கிட்டுப் பேசுதான்னு ஒரு சொல்லு வந்துட்டா? மிசின் சொன்னாச் சொன்னதுதான், நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னேன். மேனேஜர் கூட, இப்படி ஒரு ஆளு வேணும்னு என் தோளுல தட்டுனாரு.

சுயம்பு சண்ட போட்டானா? இல்லயே. ஏசிருந்தா நானும் ரெண்டு ஏசி, பொறவு ஒரு தீவாளி பொங்கலுக்கு எல்லாம் சரியாயிருக்கும். என்னையப் பாத்தான். “சரிண்ணே”ன்னான். ஹெல்மெட்டக் கழட்டி மேசைல வச்சான். போயிட்டான். பூரணம் மூணு மாசம் எங்கூடப் பேசல. பேசுனப்பொறவும் அந்தக் காலை இட்லிய அவ எனக்கு எடுத்து வைக்கல, நானே போட்டுத் தின்னுக்கிட்டேன். அவ செத்தப்ப சுயம்பு வந்தான். பாடைக்கு முன்னால தோளு குடுத்தான். சுடுகாட்டுல குளிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிட்டான், வீட்டுக்குள்ள கால் வைக்கல.

என்ன அப்படிப் பாக்கிய? அது வேற, இது வேற அண்ணாச்சி. அது சாராயம் காட்டுன கேசு, இது வைத்தியம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதிய.

அங்கன கண்டக்டரு என்னையப் பாத்துச் சிரிக்காரு பாத்தியளா? அவரு அப்படித்தான். ஏறும்போதே கேட்டாரு, “என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது எறங்குவியளா?”ன்னு. வியாழக்கெழமயும் இதே பஸ்லதான் வந்தேன். நேத்தும் வந்தேன். ஆலங்குளத்துல அஞ்சு நிமிசம் நிப்பாட்டுவாவ. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல அவன் கடை, பஞ்சர் ஒட்டுத கடை. வாசல்ல ரெண்டு டயரு தொங்கும். வியாழக்கெழம கடை பூட்டிருந்துச்சு. பூட்டுன கடைக்கு எறங்கி என்ன செய்ய? தென்காசி வரைக்கும் போயித் திரும்பி வந்தேன். நேத்து கடை தெறந்திருந்துச்சு. டியூப்பத் தண்ணித் தொட்டில முக்கிக் கொமிழி வருதான்னு பாத்துட்டு இருந்தான். தலை பூரா நரச்சுப் போச்சு அண்ணாச்சி. என்னைய விட ஆறு வயசு சின்னவன். இருமிக்கிட்டே முக்குதான். எந்திரிச்சேன். அப்பம் பாத்து அவன் தலைய நிமுத்தி பஸ்ஸப் பாத்தான். சட்டுன்னு குனிஞ்சு செருப்பத் தேடுத மாதிரி இருந்துட்டேன். நிமுந்து பாத்தா பஸ்ஸு ரோட்டுல போவுது. அவன் என்னையப் பாத்தானான்னு தெரியல. ராத்திரி பூரா அதான் யோசன.

ஒரு உதவி செய்வியளா? கையெழுத்தெல்லாம் ஒண்ணும் வேண்டாம், பயப்படாதிய. கொஞ்ச நேரம் நீங்க சுயம்புவா இருங்க. ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா என்னையப் பாத்தாப் போதும். நான் என்ன சொல்லணுங்கதச் சொல்லிப் பாத்துக்கிடுதேன். வீட்ல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன், மொட்டத்தலையப் பாத்தா எனக்கே நம்பிக்க வரல.

ஏல சுயம்பு, வார திங்கக்கெழம பதினோரு மணிக்கு நீ தூத்துக்குடிக்கு... வேண்டாம். எடுத்த எடுப்புல அப்படிக் கேட்டா என்ன நெனப்பான்.

ஏல சுயம்பு, நல்லா இருக்கியா? புள்ளைங்க என்ன படிக்கி? சவம், ரெண்டாவது புள்ளைக்கு என்ன பேரு வச்சான்னே எனக்குத் தெரியாது. அதக் கேட்டா முழிச்சுக்கிட்டு நிக்கணும்.

ஏல சுயம்பு, உம்பேர நான் கோவில்பட்டி ஆஸ்பத்திரில... சிரிப்பான். சிரிச்சாலும் நல்லதுதான். சிரிக்க மாட்டான்.

இருங்க, அந்தப் பக்கம் திரும்பாதிய. என்னையவே பாருங்க. அவன் அப்படித்தான் பாத்தான், கோவமே இல்லாம.

ஏல சுயம்பு.

நான் பாத்தேம்ல.

ரெண்டு மூடி. மதினி ஊத்துனா. மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்ச. கருப்பட்டி கேட்ட. இட்லித் தட்டுல கைய வச்சுக்கிட்டு நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நான் பாத்தேம்ல சுயம்பு. பாத்துட்டுத்தான் பாக்கலன்னு சொன்னேன்.

தண்ணி வச்சிருக்கியளா அண்ணாச்சி? ஒரு மடக்கு தாங்க.

அந்த நர்சு புள்ள சொன்னாள்லா. இருவது தடவ சொன்னேன்னு சொன்னாள்லா. நான் பேரக் காப்பாத்துனேன்னு நெனச்சேன் அண்ணாச்சி. இம்புட்டு நாளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுத் திரியேன். ஒண்ணுமில்ல, விடுங்க. அந்த மருந்து ஒடம்ப விட்டுப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது, கண்ணுல தண்ணி மட்டும் இன்னும் நிக்க மாட்டேங்குது.

ஆலங்குளம் வந்துட்டு. கடை தெறந்திருக்கு. அந்தா நிக்கான், பைக்கச் சரிச்சுப் போட்டுக்கிட்டு. தோளப் பாத்தியளா, எடது தோளு? இப்பவும் அப்படியேதான் எறங்கிருக்கு.

கொஞ்சம் கால மடக்குங்க, போயிருதேன். துண்ட எடுத்துக்கிடுதேன். ஃபைலா? கோவில்பட்டி பேப்பரு வச்சிருக்க ஃபைலுதான், அது சீட்லயே கெடக்கட்டும். மறந்துட்டுப் போறேன்னு கூப்பிட்டுராதிய. இத கையில பாத்தான்னா இதுக்குத்தான் வந்திருக்கேன்னு நெனப்பான். இதுக்குத்தான் வந்தேன், இல்லன்னு சொல்லல. கண்டக்டர்ட்ட குடுத்துருங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன். திங்கக்கெழமைக்குள்ள வாங்கலன்னா, சரி, அது அப்பப் பாத்துக்கிடலாம். அவன் ‘சரிண்ணே’ன்னு மட்டும் சொல்லிரக் கூடாது. ஏசணும். பதினோரு வருசத்துக்கும் சேத்து நல்லா ஏசணும்.

கண்டக்டரே, விசில் அடிச்சிராதிய! ஒரு ஆளு எறங்கணும்.